ராணி என்கிற மண்ணாங்கட்டி

வியாசர்பாடி
12 ஜூலை 2025, சனிக்கிழமை

அன்பு மகள் ரமாபாய்க்கு அம்மா எழுதிக்கொள்வது. ஜெய் பீம். உன் அப்பாவின் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற குட்டியும் சுகமாக இருக்க வேண்டும்.

கையில் போன் இருக்கும்போது இந்த அம்மா எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் நீளமாக இருக்கிறது, டூட்டி முடிந்து கேட்கிறேன் என்கிறாய். கடிதம் என்றால் அந்தத் தொல்லை இல்லை. பாதியில் மடித்து வைத்தாலும் மேஜை மேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டு ஜெரினா அத்தையின் மகள் இஷ்ரத் மேல்படிப்புக்கு டப்ளினுக்கே வருகிறாள். அவள் பெட்டியில் ரசப்பொடி, வறுத்து அரைத்த கஞ்சி மாவு, இந்தக் கடிதம். கருவாடும் கொடுத்தேன். பெட்டியெல்லாம் நாறும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை சுஃபியான் கடையிலிருந்து நான் எழுந்து வந்துவிட்டேன் என்று உனக்கு உடனே செய்தி வந்துவிட்டது. ஜெரினா அத்தையின் அக்கா மகன்தானே, பழைய வண்ணாரப்பேட்டையில் பாஸ்போர்ட்டு, விசா விண்ணப்பமெல்லாம் போட்டுக் கொடுக்கிறானே, அவனேதான் சொல்லியிருப்பான். நீயும் என்ன நடந்தது என்று கேட்காமல் என்னைப் பிடித்துக் கத்தினாய். நடந்ததை நானே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நவம்பரில் உனக்குப் பிரசவம். அதற்குள் நான் அங்கே வந்து சேர வேண்டும். வருவதற்குப் பாஸ்போர்ட்டு வேண்டும், விசா வேண்டும். விசாவுக்கு, உன்னைப் பெற்றவள் நான்தான் என்பதற்குக் காகிதம் வேண்டும். உன் பிறப்புச் சான்றிதழில் தாயார் பெயர் ராணி என்று இருக்கிறது. என் ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் வாக்காளர் அட்டையிலும் முப்பத்திரண்டு வருஷம் பால்வாடியில் வேலை பார்த்த சர்வீஸ் புத்தகத்திலும் மண்ணாங்கட்டி என்று இருக்கிறது. ஆக, காகிதப்படி உன்னை ராணி என்கிற எவளோ ஒருத்தி பெற்றுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மண்ணாங்கட்டி யார் என்று அரசாங்கத்துக்குத் தெரியவில்லை. இடுப்பு வலி எனக்கு, பேர் அவளுக்கு.

உன் பக்கத்துக் காகிதங்களை மாற்ற வேண்டுமென்றால் சான்றிதழ், பள்ளிச் சான்று, நர்சிங் பட்டம், பாஸ்போர்ட்டு, அந்த ஊர் வேலை அனுமதி என்று ஒரு மூட்டையையே மாற்ற வேண்டுமாம். அதற்கு நான் ஒருத்தி மாறிக்கொள்வது சுலபம் என்று நீங்கள் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டீர்கள். அரசிதழில் பெயர் மாற்றம் வந்துவிட்டால் பதினைந்து இருபது நாளில் ராணி ஆகிவிடலாம் என்றான் சுஃபியான். ஏதோ சிலிண்டருக்குப் பதிவு செய்கிற மாதிரி சொன்னான். படிவத்தை நீட்டினான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன். படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதில் இப்படி எழுதியிருந்தது. மண்ணாங்கட்டி என்னும் நான் இன்று முதல் அப்பெயரைக் கைவிட்டு ராணி என்றே அழைக்கப்படுவேன்.

கைவிட்டு என்று இருந்தது ரமா. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். மண்ணாங்கட்டியைக் கைவிடுகிறேன் என்று நானே எழுதிக் கொடுக்க என்னால் முடியவில்லை. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். இதுதான் நடந்தது. இதற்குத்தான் நீ போனில், 'அந்தப் பேர்ல இன்னா மா கீது, தூக்கிப் போட்டுட்டு வாம்மா' என்றாய். அப்புறம் வைத்துவிட்டாய்.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணமானவர் இப்போது திண்டாட்டமே இல்லாமல் முற்றத்தில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஏகாம்பரம் என்றால் இந்தப் பேட்டையில் தபால்காரருக்கே தெரியாது. போர்டு ராஜா என்றால் கொருக்குப்பேட்டையிலிருந்து பெரம்பூர் வரைக்கும் வழி சொல்வார்கள். கேரம் போர்டில் அவர் ராஜா ஆனார். அதனால் நான் ராணி ஆனேன். நானாக ஜெயித்து வாங்கியது இல்லை, கட்டிக்கொண்டதற்குக் கிடைத்த பட்டம். பால்வாடிக் குழந்தைகளுக்குக்கூட நான் ராணி டீச்சர்தான். ஆபீசிலிருந்து யாராவது வந்து மண்ணாங்கட்டி யார் என்று கேட்டால் தாய்மார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

ராணிக்கு என்ன வேலை தெரியுமா? போரிக் பவுடரைப் பழைய வேட்டித் துணியில் சலிக்க வேண்டும். காய்களைத் துடைத்து வெள்ளை தனி, கறுப்பு தனி என்று டப்பாவில் போட வேண்டும். மழைக்காலத்தில் போர்டு வளைந்துவிடாமல் கட்டில் மேல் ஏற்றிவைத்து நாம் தரையில் படுக்க வேண்டும். போட்டி நாளில் முப்பது பேருக்குக் குஸ்கா ஆக்க வேண்டும். இதெல்லாம் போகட்டும். குட்ஸ் யார்டில் வேலை முடிந்து வந்து பழகுவதற்கு எதிரில் ஆள் கிடைக்காவிட்டால் என்னைத்தான் உட்கார வைப்பார். பத்து ஆட்டத்தில் நான்கு நான் ஜெயிப்பேன். நீ சின்னப் பெண், என் மடியில் உட்கார்ந்து பவுடரை நக்கிக்கொண்டிருப்பாய். வெளியே யாராவது கேட்டால், 'அவளா, வூட்ல சும்மா தட்டுவா' என்பார்.

அடுத்த மாதம் அவருடைய கேரம் கிளப்புக்கு நாற்பதாம் ஆண்டு விழா. மலர் ஒன்று போடுகிறார்கள். செயலாளர் சாலமோன் அச்சுக்குப் போகும் முன் கொண்டுவந்து காட்டினான். எட்டுப் பக்கம் உன் அப்பாதான். கடைசிப் பக்கத்தின் அடியில், ராஜாவின் வெற்றிகளுக்குப் பின்னால் துணை நின்றவர் ராணியம்மாள் என்று ஒரு வரி. நான் பின்னால் நிற்கவில்லை சாலமோன், எதிரில் உட்கார்ந்திருந்தேன் என்றேன். அவன் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். படம் ஒன்று கேட்டார்களாம், என்னுடைய படம் கிடைக்காததால் உன் அப்பா கோப்பை வாங்குகிற படத்தில் ஓரத்தில் தெரிகிற என் கையை விட்டுவைத்திருக்கிறார்கள்.

இஷ்ரத் ஞாயிறு விமானத்துக்குப் போகிறாள். கடிதத்தை நாளைக் காலையில் கொடுத்துவிடுவேன். மீதியை இதற்கு மேல் எழுதத் தோன்றவில்லை. கஞ்சி மாவைப் பாலில் கரைக்காதே, தண்ணீரில் கரை.

15 ஜூலை, செவ்வாய்க்கிழமை

இஷ்ரத்தின் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போய்விட்டது. கல்லூரியிலிருந்து வர வேண்டிய ஏதோ காகிதம் வரவில்லையாம். காகிதத்தால் அல்லாடுகிறவள் நான் ஒருத்தி மட்டுமில்லை என்று ஒரு நிம்மதி. கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு தொடர்கிறேன். நல்லவேளை, முக்கியமான விஷயம் இப்போதுதான் நடந்தது.

பெயரை மாற்றாமலே வழி இருக்கிறதா என்று பார்க்க ராயபுரத்தில் ஜெயஸ்ரீ என்று ஒரு வக்கீலம்மாவிடம் நேற்று போனோம். பாலம் வேலை நடப்பதால் பஸ் சுற்றிக்கொண்டு போய் ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் உன் அப்பா முழங்காலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். வக்கீலம்மா நல்ல மாதிரி. ராணி என்பவரும் மண்ணாங்கட்டி என்பவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் போடலாம் என்றார். பேர் எழுதும்போது ராணிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு 'எ' போட்டு அப்புறம் மண்ணாங்கட்டி என்று எழுதுவார்களாம். எ என்றால் என்கிற. எனக்கு அது பிடித்திருந்தது. மண்ணாங்கட்டியை முன்னால் போட்டு ராணியைப் பின்னால் போடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அதில், பிழை எப்படி நேர்ந்தது என்று புருஷன் சொல்ல வேண்டும். உன் அப்பா உடனே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு அந்தக் கதையை ஆரம்பித்தார். உனக்கும் மனப்பாடமான கதைதான். நீ பிறந்த அன்று பெரம்பூரில் இறுதி ஆட்டம். கோப்பையோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வருகிறார். பேர் பதிகிற இடத்தில் இருந்தவருக்கும் கேரம் பைத்தியம். கடைசி போர்டு எப்படி முடிந்தது என்று கேட்கிறார். சிவப்புக் காயை நாம் ரெட் என்போம், போட்டிகளில் ராணி என்பார்கள். இவர் விவரித்துக்கொண்டே இருக்கும்போது அந்த மனிதர் அம்மா பேர் என்ன என்று நடுவில் கேட்க, இவர் 'ராணி, ஃபாலோவோட' என்று சொல்ல, அவர் ராணி என்று எழுதிவிட்டார். எத்தனை கல்யாண வீட்டில் இதைச் சொல்லி எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருக்கிறார். நானும்தான் சிரித்திருக்கிறேன்.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. இது சத்தியப் பிரமாணம், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், தந்தையார் பேர் மட்டும் ஏகாம்பரம் என்று சரியாக விழுந்திருக்கிறதே, அதை எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார். முப்பத்துமூன்று வருஷத்தில் எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை பார். உன் அப்பா தைலம் தேய்த்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இறுதி ஆட்டம் நீ பிறப்பதற்கு ஒரு வாரம் முந்தியாம். அன்று ஆட்டமும் இல்லை, கோப்பையும் இல்லை.

நடந்தது இது. குழந்தையைக் காட்ட வார்டு வாசலில் வந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். மண்ணாங்கட்டி வீட்டுக்காரர் யார் என்று. தாழ்வாரத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள். உள்ளே பிறந்தது கல்லா மண்ணா என்று ஒருவன் கேட்டானாம். இதைச் சொல்லும்போது உன் அப்பாவின் குரல் வேறு மாதிரி இருந்தது. 'நீ உள்ள மயக்கமா கீற. அவங்க சிரிக்கிறாங்க. அப்பால பேரு எழுதச் சொன்னப்போ அந்தப் பேரு வாயில வர்ல. உன்னப் பாத்து எவனும் சிரிக்கக் கூடாதுன்னு ராணின்னு சொல்ட்டேன்' என்றார். வக்கீலம்மா பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

எனக்கு அழுகை வந்ததா கோபம் வந்ததா என்று கேட்டால், இரண்டும் வந்தது, கோபம் முதலில் வந்தது. என் பேரைச் சொல்ல உங்களுக்கு வெட்கம், அதைக் கேரம் கதைக்குள் சுருட்டி வைத்து முப்பத்துமூன்று வருஷம் என்னையே சிரிக்க வைத்தீர்களே என்று அங்கேயே கேட்டுவிட்டேன். வெட்கம் இல்லை என்றார். சண்டை போட்டிருக்கலாமே, அந்தக் கல்லா மண்ணா என்றவனை நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே. போர்டில் அத்தனை தைரியம், தாழ்வாரத்தில் ஒன்றும் இல்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அந்தப் பேர் வைத்ததே அதற்குத்தான், யாரும் அதைப் பார்த்து ஆசைப்படக் கூடாது என்றுதான். சிரித்துவிட்டு விட்டுப் போனால் நல்லதுதானே.

 திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது, கையைக் கொடு என்றார். கொடுத்தேன்.

சாயங்காலம் சுஃபியான் வீட்டுக்கே வந்தான். பிரமாணப் பத்திரம் செல்லும், ஆனால் செல்லாமலும் போகலாம் என்றான். தண்டையார்பேட்டையில் ஒரு அம்மாவுக்கு அப்படிப் போட்டுத் திரும்பி வந்து, மறுபடி ஆரம்பித்து, நான்கு மாதம் ஆகிவிட்டதாம். அவர் ஊர் போய் இறங்கும்போது பேரன் குப்புறக் கவிழவே ஆரம்பித்துவிட்டானாம். உனக்கு அத்தனை நாள் இல்லை. நான் வர வேண்டுமென்றால் அரசிதழ்தான் வழி. 'யோசிச்சு சொல்லு ஆன்ட்டி, செவ்வாய்க்கெழமை வரைக்கும் ஃபாரத்த வச்சிகினு கீறேன்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அடுத்த செவ்வாய்.

18 ஜூலை, வெள்ளிக்கிழமை

ரமா, மூன்று நாளாக எழுதவில்லை. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் அப்பாவின் உண்மையை வெளியே கொண்டுவந்துவிட்டு என்னுடையதை மடியில் கட்டிவைத்துக்கொண்டிருப்பது நியாயமில்லை என்று இன்றைக்குப் பட்டது.

என் அம்மாவுக்கு எனக்கு முன்னால் ஐந்து பிள்ளைகள். கொருக்குப்பேட்டைத் தண்டவாளம் பக்கத்துக் குடிசையில், நிலக்கரி பொறுக்கி விற்றுக்கொண்டு பெற்ற பிள்ளைகள். தனகோட்டி, செல்வமணி, ராஜம்மா என்று ஆசை ஆசையாகப் பேர் வைத்திருக்கிறாள். ஒன்றுகூட நாற்பது நாளைத் தாண்டவில்லை. ஆறாவதாக நான். பிறந்ததும் தூக்கிக் கொஞ்சவில்லை, முறத்தில் தவிட்டின் மேல் போட்டு, பக்கத்துக் குடிசைக்காரி ஒருத்தி ஒரு கை தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்திருக்கிறாள். விலைக்கு வாங்கிய பிள்ளை, பெற்றது இல்லை என்று எடுத்துப்போக வருகிறவனுக்குக் கணக்குக் காட்ட. அப்புறம் மண்ணாங்கட்டி என்று பேர். வந்து எட்டிப் பார்த்தாலும், சீ, இது மண்ணாங்கட்டி என்று போய்விடுவானாம். போய்விட்டான். அறுபத்துமூன்று வருஷமாகப் போனவன்தான்.

நீ சிரிப்பாய். நம் வீட்டில் சாமி படமே கிடையாது. உன் தாத்தா காலத்திலேயே எல்லாவற்றையும் இறக்கி வைத்தாயிற்று, புத்தரும் பாபாசாகேபும் மட்டும்தான். பால்வாடியில் நானே எத்தனை தாய்மாரிடம் தாயத்தை அவிழ்க்கச் சொல்லி, மந்திரிக்கப் போகாதே, தடுப்பூசி போடு, எடை பார் என்று சண்டை போட்டிருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் என் ரிஜிஸ்டரில் ஒரு மண்ணாங்கட்டிகூட வரவில்லை. ஒரு குப்பம்மா, ஒரு பிச்சை கூட இல்லை. எல்லாம் வாயில் நுழையாத அழகான பேர்கள். பிள்ளைகள் தங்குகின்றன, அதனால் அந்தப் பேர்கள் யாருக்கும் தேவைப்படவில்லை என்று நானே மற்ற டீச்சர்களிடம் பெருமையாகச் சொல்வேன். அந்த வாயால் இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? அதனால்தான் புதன்கிழமை உன் கத்தலுக்குப் பதில் சொல்லாமல் நின்றேன்.

இன்னொன்றும் இருக்கிறது. உனக்கு ரமாபாய் என்று பேர் வைத்தவர் உன் அப்பா. நான் வாய் திறக்கவில்லை. பெரிய பேர். பாபாசாகேப் படிக்கும் காலத்தில் பட்டினி கிடந்து குடும்பத்தைத் தாங்கிய அம்மாள். ஆனால் அவர் நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். ஒவ்வொரு மே மாதமும் நினைவு நாளன்று கிளப் வாசலில் அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு ஒலிபெருக்கியில் அண்ணலைப் பற்றியே பேசுகிறார்கள். அவருக்குத் துணை நின்றார் என்று ஒரு வரி, அதோடு சரி. அந்த நான்கு பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. கடைசி வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு வருஷமும் நான் அந்த நான்கையும் நினைத்துக்கொண்டுதான் இருப்பேன். உன் தொட்டிலை ஆட்டும்போதும் நினைத்தேன். பேருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் பயம் போய்விடுமா?

கேரம் சொல்லிக் கொடுத்தபோது உனக்கு முதலில் சொன்னது நினைவிருக்கிறதா? ரெட்டைப் போட்டதும் குதிக்காதே, அடுத்த அடியிலேயே நம் காய் ஒன்று விழ வேண்டும், அதுதான் ஃபாலோ. அது விழாவிட்டால் ரெட்டை எடுத்து மறுபடி நடுவில் வைத்துவிடுவார்கள். உனக்கு இரண்டு முறை அப்படி ஆகிவிட்டது. முதல் தடவை மூன்றாம் மாதம். போன தடவை ஐந்தாம் மாதம். அன்று போனில் நீ அழவில்லை, டூட்டிக்குப் போக வேண்டும் என்றாய். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். இப்போது உனக்கு ஐந்தாம் மாதம் முடிகிறது. இந்த நேரம் பார்த்து, எடுத்துப்போக வந்தவனை விரட்டிவிட்ட பேரைக் கைவிடுகிறேன் என்று கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். வீட்டில் குழந்தை இருக்கும்போது கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது எனக்கு. இதைச் சொல்லத்தான் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன், உன் அப்பாவுக்கு மலரில் எழுதிய அளவுக்கு.

உன் அப்பாவிடம் நேற்று சொன்னேன். கேலி செய்வார் என்று நினைத்தேன், செய்யவில்லை. போர்டை எடுத்துப் போட்டு, பவுடரைத் தூவி, 'குந்து, ஒரு ஆட்டம் போடலாம்' என்றார். ஆடினோம். நான் ஜெயித்தேன். காய்களை அள்ளிக்கொண்டே, 'பேர வுட வேணாம். யாராண்டனா குட்துட்டு வா' என்றார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் உருப்படியாகச் சொன்ன ஒரு யோசனை இதுதான்.

அதனால் நீ எனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும். இஷ்ரத் ஞாயிறு கிளம்பி திங்கட்கிழமை உன் கையில் இதைக் கொடுப்பாள். படித்து முடித்ததும் வயிற்றில் கையை வைத்து அந்தக் குட்டியை ஒரு தடவை மண்ணாங்கட்டி என்று கூப்பிடு. மனதுக்குள் வேண்டாம், வாய்விட்டுக் கூப்பிடு. நம்பிக்கை இல்லாமல் கூப்பிட்டாலும் போதும். சிரித்துக்கொண்டே கூப்பிட்டால் இன்னும் நல்லது, சிரிக்கத்தானே அந்தப் பேர். அது பிறந்து, அழுது, நாற்பது நாள் தாண்டுகிற வரைக்கும் வீட்டுக்குள் அதற்கு அதுதான் பேர். காகிதத்தில் நீயும் மாப்பிள்ளையும் உங்களுக்குப் பிடித்த அழகான பேரை எழுதிக்கொள்ளுங்கள். ராணி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அதற்கு அலைந்த அலைச்சல் இந்த வீட்டுக்குப் போதும்.

மாத்திரைகளை வேளைக்குப் போடு. டாக்டர் சொன்ன ஸ்கேன் ஒன்றையும் தள்ளிப்போடாதே. பேர் அதன் வேலையைப் பார்க்கட்டும், நீ உன் வேலையைப் பார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் சுஃபியான் கடையில் இருப்பேன். அதற்குள் நீ கூப்பிட்டிருக்க வேண்டும். நடுவில் ஒரு நிமிஷம்கூட அந்தப் பேர் ஆளில்லாமல் நிற்கக் கூடாது கண்ணு. நீ கூப்பிட்டிருப்பாய் என்று நம்பி நான் கையெழுத்துப் போடுவேன். போன் செய்து கேட்க மாட்டேன். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாய்.

நீயும் அதுவும் நன்றாக இருங்கள். நவம்பரில் வந்து தூக்கிக்கொள்கிறேன். கையெழுத்து புதுசு, பழகவில்லை, கொஞ்சம் கோணலாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ராணி